சற்று உயரமான பல்

நீங்கள் இடப்பக்கமாகவே மெல்லுகிறீர்கள், இன்ஸ்பெக்டர். காலையில் நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டபோது கவனித்தேன். நெத்திலியை ஒருமுறை வலப்பக்கம் கொண்டுபோனீர்கள், உடனே நாக்கால் திருப்பித் தள்ளிவிட்டீர்கள். வலது கீழ்க் கடைவாயில் ஒரு பழைய அடைப்பு இருக்கும். அடைத்தவர் அதைக் கொஞ்சம் உயரமாக விட்டுவிட்டார். நீங்களும் திரும்பப் போய்ச் சொல்லவில்லை. பெரும்பாலோர் சொல்வதில்லை.

பேச்சை மாற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. பஞ்சாலை எப்படி இறந்தாள் என்று கேட்டீர்கள். அதற்கு நான் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

வக்கீல் வரும்வரை வாயைத் திறக்காதே என்று என் அண்ணன் மெய்யப்பன் சொல்லி அனுப்பியிருக்கிறான். பேசாமல் இருப்பது எனக்குக் கஷ்டமில்லை. என் தொழிலே அப்படித்தான். வாயைத் திறந்து வைத்திருப்பவனால் பேச முடியாது; அந்த அமைதிக்காகவே பல் மருத்துவம் படித்தேனோ என்று சில நேரம் தோன்றும். ஆனால் இந்த விஷயத்தை யாராவது ஒழுங்காக விளக்க வேண்டும். அவள் மகள் வள்ளியம்மா உங்களிடம் அழுதுகொண்டே சொல்லியிருப்பாள். அழுகையில் துல்லியம் இருக்காது.

போன வருடம், தொண்ணூற்றைந்தில், சிரம்பானில் உள்ள என் கிளினிக்குக்கு ஐரோப்பாவிலிருந்து ஓர் இயந்திரம் வந்தது. கிரவுன் செய்கிற இயந்திரம். பல்லைச் சுற்றிலும் அரைத்துக் கட்டையாக்கி, அதன்மேல் பீங்கானில் செய்த பல்லைத் தொப்பிபோல மாட்டி ஒட்டுவதுதான் கிரவுன். பழைய முறையில் அரைத்த பல்லின் அச்சை எடுக்க வாய் நிறையப் பசையை அப்பி, அது இறுகும்வரை காத்திருக்க வேண்டும். ஆட்கள் ஓங்கரிப்பார்கள். இந்த இயந்திரத்தில் அது கிடையாது. பல்லைக் காயவைத்து வெள்ளைப் பொடி தூவி, விரல் நீளக் காமிராவை வாய்க்குள் நீட்டிக் கை ஆடாமல் ஒரு படம். பல் திரையில் வந்து நிற்கும். பக்கத்துப் பெட்டிக்குள் தண்ணீர் பீய்ச்ச, வைரச் சக்கரம் ஒரு பீங்கான் கட்டியைச் செதுக்கிக் கொடுத்துவிடும்.

அது எவ்வளவு துல்லியம் என்பதுதான் என் கேள்வியாக இருந்தது. ஓரத்தில் ஒரு தலைமுடி நுழையும் அளவுக்கு இடைவெளி விழுந்தது. பொடி தடித்துப்போனால் இன்னும் கூடியது. அதையெல்லாம் நான் அளக்க முடியும். உயரம் வேறு. காமிரா அரைத்த பல்லை மட்டும்தான் பார்க்கிறது. மேலிருந்து வந்து மோதப்போகும் பல்லை அது பார்ப்பதில்லை. ஆகவே உயரத்தை ஊகித்துச் செதுக்குகிறது. ஊகம் சரியா என்று அறிய, நீலக் காகிதத்தைப் பற்களுக்கு நடுவே வைத்துக் கடிக்கச் சொல்லி, கறை படிந்த இடத்தைத் தேய்த்துவிட்டு, உட்கார்ந்திருப்பவரிடம் கேட்க வேண்டும். சரியா இருக்கா? முடியின் தடிமனில் ஒரு பங்கு கூடினாலும் மனிதனுக்குத் தெரிந்துவிடும். அவ்வளவு நுட்பமான கருவி எந்த நாட்டிலும் செய்யப்படவில்லை. ஒரே குறை, அந்தக் கருவி வாயைத் திறந்து சொல்ல வேண்டும்.

டவுன்காரர்கள் சொன்னார்கள். தைலம்மை ஆச்சி எங்கள் சொந்தம். கிரவுன் மாட்டிய மறுவாரமே வந்து நின்றாள்.

“என்னப்பா விசுவநாதா, பல்லுல உளுந்து ஒட்டுன மாதிரியே இருக்கு.”

தேய்த்து அனுப்பினேன். திரும்ப வந்தாள்.

“காமிரா ரொம்பச் சரியா எடுத்திருக்கு ஆச்சி” என்றேன்.

“உன் காமிராவா தோசை திங்கப் போகுது? நான்ல திங்கணும்.”

காத்திருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். கணக்கெழுதும் பையனும் சிரித்தான். அந்தச் சிரிப்புக்காகத்தான் மற்றதெல்லாம் நடந்தது என்று எழுதிவிடாதீர்கள். அதை நான் மறந்துவிட்டேன்.

கோலாலம்பூரில் பல் மருத்துவர்கள் கூடும் இடத்தில் இந்த இயந்திரத்தைப் பற்றிப் பேச ஒப்புக்கொண்டிருந்தேன். டவுன்காரர்களின் வாயை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அவர்களுக்கு எதிலும் குறை. ஆகவே பெடாஸுக்கு உள்ளே இருக்கும் ஏழாங்கட்டை ரப்பர் தோட்டத்து ஆட்களுக்கு இலவசமாகச் செய்கிறேன் என்று அங்கு கணக்கு வழக்குப் பார்க்கும் கிராணி நல்லசாமியிடம் சொன்னேன். தோட்டத்தை வீடமைப்புக்கு விற்கப் பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம். யார் எங்கே போவது என்று யாருக்கும் தெரியாது. இலவசமாக எது கிடைத்தாலும் வாங்கிக்கொள்ளும் மனநிலையில் இருந்தார்கள்.

ஞாயிறுதோறும் தோட்டத்து லோரியில் வந்து இறங்குவார்கள். கோயிலுக்கு வருவதுபோல் உடுத்தியிருப்பார்கள். பெண்கள் பூ வைத்து, பவுடர் போட்டு வந்தார்கள். நல்லசாமி வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்.

“ஐயா கேக்குறதுக்கு ஒழுங்கா பதில் சொல்லு லா. ஊமையாட்டம் முழிக்காத.”

ஒழுங்கான பதில் எது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நான் ஒருமுறை தோட்டத்தின் காலைப் பெரட்டுக்குப் போயிருக்கிறேன். பால் வெட்டுகிறவர்களை வரிசையாக நிறுத்தி, மேற்பார்வை பார்க்கும் மண்டோர் பேரைக் கூப்பிட்டு அன்றைக்கு எந்த மலைச்சரிவு, எந்தச் சேற்றுப் பள்ளம் என்று சொல்வார். ஒவ்வொருவராக “சரிங்க” என்பார்கள். நல்ல காட்டுக்கும் சரிங்க, பாம்பு கிடக்கும் காட்டுக்கும் சரிங்க. குரலில் ஏற்ற இறக்கமே இருக்காது. என் நாற்காலியிலும் அதே குரல்தான் கேட்டது.

“சரியா இருக்கா?”

“சரியா இருக்குங்க ஐயா.”

சில வாரங்கள் நான் மகிழ்ச்சியாக இருந்தேன். ஒருவர்கூடக் குறை சொல்லவில்லை. கோலாலம்பூரில் இதைச் சொன்னால் போதும் என்று நினைத்தேன்.

பிறகு ராமசாமி என்ற கிழவர் வந்தார். பல்லை அரைத்தாயிற்று, படம் எடுத்தாயிற்று, கிரவுனும் வந்துவிட்டது. அதை இடுக்கியில் பிடித்தபடி, பழக்கத்தில், மாட்டுவதற்கு முன்பே கேட்டுவிட்டேன். சரியா இருக்கா?

“ரொம்பச் சரியா இருக்குங்க ஐயா” என்றார்.

கிரவுன் என் கையில் இருந்தது. அவர் வாயில் வெறும் கட்டைதான்.

இடுக்கியை அப்படியே அந்தரத்தில் பிடித்துக்கொண்டிருந்தேன். நல்லசாமி ஏதோ தவறு நடந்துவிட்டதென்று எட்டிப் பார்த்தார். நேர்மையான மனிதன் அன்றே அதுவரை வந்த பதில்களையெல்லாம் தூக்கிப் போட்டிருப்பான். நானும் போட்டேன். நான் நேர்மையற்றவன் இல்லை. ஆனால் ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. எந்தக் கருவிக்கும் ஓர் எல்லை உண்டு. அதற்குக் கீழே அசையாது, அதைத் தாண்டினால் முள் அசையும். இவர்களுடைய முள் எங்கே அசையும்? பல் எவ்வளவு உயர்ந்தால் ஒரு தோட்டத்து ஆள் வாயைத் திறந்து சரியில்லை என்பார்? இதை யாரும் அளந்து பார்த்ததில்லை.

அதற்குச் சொத்தைப் பல் உதவாது. வலி எதனால் என்று பிரித்துச் சொல்ல முடியாது. பஞ்சாலைக்கு நாற்பதை ஒட்டி வயது, புருஷன் இல்லை, வெற்றிலை போடுகிற பழக்கமும் இல்லை. அவள் வாயைப் போன்ற வாயை நான் டவுனில் பார்த்ததில்லை. ஒரு கறை இல்லை, ஒரு விரிசல் இல்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குத் துணையாக வந்தவள். நான்தான் அவளை உட்காரச் சொன்னேன்.

வலது கீழ்க் கடைவாய்ப் பல்லை அரைத்தேன். முதல் கிரவுனை ஒரு முடியின் தடிமனுக்கு உயர்த்திச் செதுக்கச் சொல்லி மாட்டினேன். நீலக் காகிதத்தைக் கடித்தாள். அந்த ஒரு பல்லில் மட்டும் கறை அடர்த்தியாக விழுந்தது. கேட்டேன். சரியா இருக்குங்க ஐயா என்றாள்.

போகும்போது வாசலில் தயங்கி நின்றாள். மகள் வள்ளியம்மா பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் பாரம் முடித்துவிட்டுச் சும்மா இருப்பதாகவும், தோட்டத்தை விற்றுவிட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்றும், ஐயா மனது வைத்தால் கூட்டித் துடைக்கிற வேலையானாலும் பரவாயில்லை என்றும் சொன்னாள். மறுநாளே வரச் சொன்னேன். பெண்ணைக் கூட்டித் துடைக்க வைக்கவில்லை. வெள்ளைக் கோட்டுப் போட்டு என் பக்கத்தில் நிறுத்தி, எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தேன். பாரோயில் என் வீட்டுக்குப் பின்னாலிருந்த அறையைத் தங்கக் கொடுத்தேன். இதை வள்ளியம்மா உங்களிடம் சொன்னாளா தெரியவில்லை.

இரண்டு வாரம் கழித்துப் பஞ்சாலை வந்தபோது அவள் வலப்பக்கம் மெல்லுவதை நிறுத்தியிருந்தாள். கன்னத்தசை அந்தப் பக்கம் கல்லாக இருந்தது. ஒரு சீப்பு பீசாங் மாஸ் வாழைப்பழம் கொண்டுவந்திருந்தாள். மகளுக்கு வேலை கொடுத்ததற்காக. கேட்டேன். சரியா இருக்குங்க ஐயா என்றாள். “இன்னும் நல்லா பண்ணித் தர்றேன்மா” என்று சொல்லி, பழையதை உடைத்தெடுத்துவிட்டு நகத்தின் தடிமனுக்கு உயர்த்தி வேறொன்று மாட்டினேன். கையெடுத்துக் கும்பிட்டாள்.

அடுத்த முறை அவள் இளைத்திருந்தாள். அன்றைக்கு வள்ளியம்மா குழாயை வாயில் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள்.

“டாக்டர், அம்மா சோறே திங்க மாட்டேங்குது. கஞ்சியக்கூட தலையச் சாச்சுக்கிட்டுதான் குடிக்குது. பால் வெட்டுறப்ப தலை சுத்தி விழுந்துருச்சாம், மண்டோர் சொன்னாரு.”

“அவங்க என்கிட்ட ஒண்ணும் சொல்லலியே.”

“சொல்லும்மா. வாயத் தொறந்து சொல்லேன்.”

“நீ சும்மா இரு புள்ள. ஐயாவுக்குத் தெரியாததா? சரியா இருக்குங்க ஐயா.” பிறகு மகள் பக்கம் திரும்பி, எனக்குக் கேட்காது என்று நினைத்துக்கொண்டு சொன்னாள். “வேலயக் கெடுத்துக்காதடி. எங்க போயி நிப்போம்?”

எனக்குக் கேட்டது. காரணம் எதுவாக இருந்தாலும் பதில் பதில்தான். மூன்றாவது கிரவுன் ஓர் அரிசி மணியின் தடிமன் உயர்ந்திருந்தது. அதை மாட்டிய பிறகு அவள் வாயில் வேறு எந்தப் பல்லும் எதிர்ப்பல்லைத் தொடவில்லை. முழுத் தாடையும் அந்த ஒன்றின்மேல் நின்றது. மேசைக்கு ஒரே கால் இருப்பதுபோல.

நான் இரக்கமற்றவன் என்று நினைக்கிறீர்கள். உங்கள் பேனா நின்றுவிட்டது. ஒன்றைக் கவனியுங்கள். தேய்க்கிற சக்கரம் எப்போதும் என் கைக்கு எட்டும் இடத்தில் தயாராக இருந்தது. இல்லைங்க ஐயா, உயரமா இருக்கு என்று ஒரு வார்த்தை அவள் சொல்லியிருந்தால், அந்த நிமிடமே தேய்த்துச் சமமாக்கியிருப்பேன். இதை எனக்கு நானே சத்தியம் செய்துகொண்டிருந்தேன். அவள் வலியின் சாவி அவளிடமேதான் இருந்தது.

நாள் முழுக்க இடிபடும் பல் உள்ளே செத்துவிடும். செத்தால் சீழ் வைக்கும். அவள் கடைசியாக வந்தபோது தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் வீங்கியிருந்தது. அழுத்திப் பார்த்தேன், பலகைபோல இருந்தது. நாக்கு மேலே தூக்கிக்கொண்டு பற்களுக்கு வெளியே தெரிந்தது. உடம்பு கொதித்தது. எச்சிலை விழுங்க முடியாமல் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே இருந்தாள். இது என்னவென்று முதலாண்டு மாணவனுக்கும் தெரியும். அடுத்து மூச்சுக்குழாய் அடைபடும். அப்போதே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். ஆஸ்பத்திரி பக்கத்துத் தெருவிலேயே இருந்தது.

வள்ளியம்மாவைப் பாசாருக்குப் பஞ்சு வாங்க அனுப்பியிருந்தேன். பஞ்சு இருந்தது. எனக்கு அமைதி வேண்டியிருந்தது.

“சரியா இருக்கா?” என்று கேட்டேன்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் காத்திருந்தேன். எச்சில் தொட்டியில் தண்ணீர் சுற்றிக்கொண்டிருந்தது. வெளியே லோரி ஹார்ன் அடித்தது, நல்லசாமிக்கு அவசரம். நான் யாருடனும் அவ்வளவு நேரம் அவ்வளவு அமைதியாக உட்கார்ந்திருந்ததில்லை. அதை இப்போதும் நினைத்துக்கொள்கிறேன். அவள் கண்ணில் நீர் வந்தது. கடைசியில் “ம்” என்றாள்.

“ம்” என்றால் ஆமாம்தான். சின்ன மாத்திரைகூடக் கொடுக்கவில்லை. கொடுத்தால் அளவு கெட்டுவிடும். கையைப் பிடித்து நானே லோரி வரைக்கும் கொண்டுபோய் விட்டேன். ரெம்பாவைத் தாண்டும்போது மூச்சுத் திணறியதாக நல்லசாமி சொன்னார். வண்டியைத் திருப்பியிருக்கிறார்கள். திரும்பி வருவதற்குள் முடிந்துவிட்டது.

நான் தோட்டத்துக்குப் போனேன். போகாமல் இருந்தால் நன்றாக இருக்காது. மாலை வாங்கிக்கொண்டு போனேன். முன்வரிசையில் எனக்கு நாற்காலி போட்டார்கள், ஓரேஞ்சு தண்ணீர் கொடுத்தார்கள். இலவசமாகப் பல் கட்டிய ஐயா வந்திருக்கிறார் என்று மாலையை வாங்கிப் போட்டார்கள். பெண்கள் பஞ்சாலைக்கு வாய்க்கட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்கள். உங்களுக்குத் தெரியும், வாய் திறந்திருக்கக் கூடாதென்று தாடைக்குக் கீழே துணியைக் கொடுத்து உச்சந்தலையில் முடிவது. இழுத்து இழுத்து முடிந்தும் வாய் மூடவில்லை. தாயம்மா என்ற பெண் முழங்காலை ஊன்றி இழுத்தாள்.

“என்னடி இது, பல்லக் காட்டிக்கிட்டே போறா. வீக்கம் போல.”

வீக்கத்தால் அல்ல. உதட்டுக்கு நடுவே ஓர் அரிசி மணி அளவுக்குக் கறுப்பாக ஓர் இடைவெளி தெரிந்தது. அதைப் பார்த்ததும் என் மனதில் ஒரு நிம்மதி வந்ததை மறைக்க மாட்டேன். ஒளிவு மறைவு இல்லாத ஒரு பதில் முதன்முறையாக அங்கேதான் கிடைத்தது. அவள் வாய் சரியாக இல்லை என்று சொல்லிவிட்டது.

நான் பார்ப்பதை வள்ளியம்மா பார்த்துவிட்டாள். அம்மாவின் உதட்டை விலக்கி உள்ளே விரலை விட்டாள். என் நாற்காலிப் பக்கத்தில் நின்று எத்தனையோ வாய்களில் நீலக் காகிதம் வைத்தவள். விரலை எடுத்துவிட்டு என்னைப் பார்த்து, சத்தம் போடாமல்தான் சொன்னாள். “எங்கம்மாவுக்குப் பல்வலின்னு ஒண்ணு வந்ததே கிடையாது டாக்டர்.” அங்கிருந்து நேராக உங்களிடம் வந்திருக்கிறாள்.

அவள் சொன்னது உண்மை. மூன்று கிரவுன்களில் இரண்டு என் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. மூன்றாவது எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். பல் நன்றாக இருக்கும்போதே அரைத்தேன், தெரிந்தே உயர்த்தினேன், தெரிந்தே வீட்டுக்கு அனுப்பினேன். இதில் எதையும் மறுக்க மாட்டேன். ஆனால் கொன்றீர்களா என்ற உங்கள் கேள்விக்கு மட்டும் என் பதில் வேறு. அவளிடம் நான் கேட்டுக்கொண்டேதான் இருந்தேன். ஒருமுறைகூட அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

இல்லை, அதைத் திருத்திக்கொள்ளுங்கள். துல்லியமாக இருக்க வேண்டும்.

ஒருமுறை சொன்னாள். முதல் நாள், நாற்காலியில் உட்கார்ந்ததும், நான் ஊசியை எடுத்தபோது. வாயை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, “எனக்கு வேணாங்க ஐயா. பல்லு நல்லாத்தான் இருக்கு” என்றாள். வாசலிலிருந்து நல்லசாமி, “ஏ பஞ்சால, ஐயா சொல்றாருல்ல, தொற வாய” என்றார். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வாயைத் திறந்தாள்.

அதையும் நீங்கள் எழுதிக்கொள்ளலாம். ஆனால் அதைக் கணக்கில் சேர்க்க முடியாது, இன்ஸ்பெக்டர். அப்போது நான் இன்னும் கேட்கவே தொடங்கவில்லை.